குழந்தைகளோடு சின்ன அருங்காட்சியகத்துக்கு: மூன்று பொருள் பார்த்தால் போதும்

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஊர் கேரளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், பெரிய கடை கண்ணிக்குக் கோயம்புத்தூர். வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கினால், ஆர்.எஸ்.புரத்தில் வன மரபியல் நிறுவன வளாகத்துக்குள் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகம் ஆட்டோ தூரம்தான். காஸ் என்ற வனத்துறை அதிகாரியின் முயற்சியால் 1902-ல் தொடங்கியது. மரத் துண்டுகள், கொம்புகள், பாடம் செய்த விலங்குகள் என்று காட்டின் மாதிரி அங்கே அலமாரிகளில் இருக்கிறது. களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கிட்டம். அங்கே திங்கட்கிழமை விடுமுறை.

எங்கே போனாலும் வழிமுறை ஒன்றுதான். அதை நான் கற்றுக்கொண்டது, முதல் தடவை எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்ட பிறகு. முதல் அலமாரியில் தொடங்கி ஒவ்வொரு அட்டையையும் உரக்கப் படித்தேன். நான்காவது அலமாரிக்கு வருவதற்குள் ஐந்து வயது மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒன்பது வயது மகள் கூரையில் எத்தனை மின்விசிறி என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் படி: கிளம்புவதற்கு முன்

முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டு, திறந்திருக்கும் நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தும் இடங்கள் உண்டு. ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம். காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டிப்போங்கள். பையில் தண்ணீர், ஆளுக்கொரு பென்சில், கோடு போடாத நோட்டு. வேறொன்றும் வேண்டாம். மிருகக்காட்சிசாலையும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருந்தால், ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். உயிரோடு உலவும் புலியைப் பார்த்த கண்ணுக்குப் பஞ்சு அடைத்த புலி எடுபடாது.

இரண்டாம் படி: ஒரு சுற்று, நிற்காமல்

உள்ளே போனதும் எதன் முன்னாலும் நிற்காமல் பத்து நிமிடம் முழுவதையும் சுற்றி வாருங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கட்டும். மூன்றாவது உங்களுடையது. அன்றைக்கு அந்த மூன்று மட்டும்தான். கொடுத்த டிக்கெட் காசுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் படி: அட்டையைக் கடைசியில் படியுங்கள்

முதலில் பார்வை, பிறகு கேள்வி, அட்டை கடைசியில். நான் ஒரு யானை மண்டையோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதன் நடுவில் பெரிய குழி இருந்தது. மகன் பார்த்ததும், “அம்மா, இந்த யானைக்கு ஒற்றைக் கண்ணா?” என்றான். உடனே திருத்தாமல், “பக்கவாட்டில் போய்ப் பார், கண்ணு” என்றேன். போனான். இரண்டு பக்கமும் கண் குழி இருந்தது. “அப்போது நடுவில்?” கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவனே தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். அது தும்பிக்கை தொடங்கும் மூக்குத் துவாரம். அட்டையைப் படித்திருந்தால் இந்த மௌனம் கிடைத்திருக்காது.

மண்டையோட்டின் பற்களையும் குனிந்து பாருங்கள். புதிதாகக் கொத்திய அம்மி போல வரிவரியாக இருக்கும். யானைக்குக் கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஆறு தடவை முளைக்கும். புதுப் பல் நம்மைப் போலக் கீழிருந்து வராது, பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வரும். ஆறாவது செட்டும் தேய்ந்துபோனால் அரைத்துத் தின்ன வழியில்லை. தந்தம் என்பது நீண்டு வளர்ந்த வெட்டுப்பல். பெண் ஆசிய யானைக்கு அது வெளியே தெரிவதில்லை.

நான்காம் படி: உதிரும் கொம்பா, உதிராத கொம்பா?

பெரும்பாலான சின்ன அருங்காட்சியகங்களில் சுவர் நிறையக் கொம்புகள் இருக்கும். பெரியவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகளை நிறுத்த வேண்டிய இடமே இதுதான். கிளை பிரிந்த கொம்பையெல்லாம் முதலில் காட்டச் சொல்லுங்கள். அது கடமானுடையதாகவோ புள்ளிமானுடையதாகவோ இருக்கும். பிறகு கிளை இல்லாதவை: காட்டெருமை, வரையாடு, திருகலாக நிமிர்ந்த வெளிமான் கொம்பு.

மான் கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து மறுபடி முளைக்கும். வளரும்போது அதன் மேல் மெத்தென்ற தோல் மூடியிருக்கும், அதில் ரத்தமும் ஓடும். நம் புள்ளிமானிலும் கடமானிலும் ஆணுக்கு மட்டுமே கொம்பு. மற்றவற்றின் கொம்பு உதிராது. உள்ளே எலும்பு, அதன் மேல் நகம் போன்ற பொருளால் ஆன உறை. வெளிமான் பெயரில்தான் மான், கொம்புக் கணக்கில் அது ஆட்டுப் பக்கம்.

இதையெல்லாம் சொல்லி முடித்து மகளிடம், “நம் வீட்டு மாட்டுக் கொம்பு எந்தக் கட்சி?” என்று கேட்டேன். “உதிராத கட்சி. உதிர்ந்தால் போன பொங்கலுக்குப் பூசிய பெயிண்ட் இன்னும் எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும்?” என்றாள். இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

ஐந்தாம் படி: சங்கடமான கேள்விகள்

“இது செத்துப்போனதா?” என்று கட்டாயம் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். தூங்குகிறது என்று மழுப்ப வேண்டாம். தோல் மட்டும் நிஜம், கண் கண்ணாடி, உள்ளே அடைத்த பொருள் என்று சொன்னால் பயம் போய் ஆர்வம் வந்துவிடும். “யார் கொன்றது?” என்பது அடுத்த கேள்வி. வேட்டை தடையில்லாத காலத்தில் சேர்ந்தவை நிறைய, 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அப்படிச் சேர்க்க முடியாது என்று நேராகச் சொல்லலாம்.

கண்ணாடிப் பாட்டில்களில் பாம்புகள் இருந்தால் ஓர் எச்சரிக்கை. திரவத்தில் கிடந்து நிறம் போயிருக்கும், பாம்பெல்லாம் வெளுப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். பச்சைப்பாம்பு நீலமாகவே மாறிவிடுவதுண்டு. அதன் பச்சை, மஞ்சளும் நீலமும் சேர்ந்தது. மஞ்சள் கரைந்துபோக நீலம் தங்கிவிடுகிறது. கண்ணைக் கொத்தும் என்று பாட்டி சொன்ன பாம்பா இது என்று மகன் அதை வெகுநேரம் பார்த்தான். கொத்தாது என்றேன். நம்பவில்லை.

ஆறாம் படி: இரண்டு பெயர்கள்

எல்லையோரப் பிள்ளைகளுக்கு இது தனியாக வேண்டும். பள்ளியில் மலையாளத் தோழி “புலி” என்றால் பெரும்பாலும் சிறுத்தையைச் சொல்கிறாள். வரிப்புலி அவளுக்குக் கடுவா. நம் இருவாச்சி அங்கே வேழாம்பல், கேரளத்தின் மாநிலப் பறவை. வரையாடு மட்டும் மலை இறங்கினாலும் பெயர் மாறுவதில்லை. நோட்டில் படம் வரைந்து பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். படம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். வரைவதற்காக இன்னொரு முறை பார்ப்பார்கள், அதுதான் நமக்குத் தேவை. கைப்பேசிப் புகைப்படம் அந்த வேலையைச் செய்யாது. எடுத்ததோடு மறந்துவிடுகிறோம்.

ஏழாம் படி: சலிக்கும் முன் வெளியேறுங்கள்

ஒன்றரை மணி நேரம் தாராளம். “இன்னும் கொஞ்ச நேரம், அம்மா” என்று கெஞ்சும்போது கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். விட்டுப்போன அலமாரி எது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்களே குறிக்கட்டும். மகள் பக்கத்தில் தேக்குத் துண்டு என்று இருக்கிறது, வளையங்களை எண்ண வேண்டுமாம். மகன் பக்கத்தில் எறும்புத்தின்னி. எழுத்து முழுதாகத் தெரியாததால் படமாகப் போட்டிருக்கிறான், பார்த்தால் பலாப்பழம் மாதிரி இருக்கிறது.