கப்பல் நிறுவனத்தோடு கைகோக்கும் கல்லூரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும், புகைப்படம் எடுப்பார்கள். அப்புறம் வருடத்துக்கு ஒரு சிறப்புரை, நாலைந்து பேருக்கு இன்டர்ன்ஷிப். கடல்சார் கல்லூரிகள் பலவற்றில் தொழில்துறை உறவு இந்த அளவில்தான் இருக்கிறது.

எந்தச் சிக்கலைத் தீர்க்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமலே கையெழுத்துப் போடுவதுதான் இதில் பெரிய தவறு. 'கடல்சார் புதுமைகளில் இணைந்து செயல்படுவோம்' என்று எழுதிவிட்டால் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் நேர் எதிராக நடந்தது. அங்கே சுமார் 100 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே நடைபாலம் கட்டும் யோசனை இருந்தது. பாலம் வந்தால் படகுப் போக்குவரத்துக்கு இடைஞ்சல். பாலத்துக்குப் பதிலாகத் தானாக ஓடும் சிறு மின்படகு விடலாமே என்றார் உள்ளூர்ப் பல்கலைக்கழகமான என்.டி.என்.யூ.வின் பேராசிரியர் ஒருவர். முதலில் 5 மீட்டர் நீளச் சோதனைப் படகு. பிறகு 12 பேர் ஏறும் 'மில்லிஆம்பியர் 2', 2022 இலையுதிர் காலத்தில் மூன்று வாரம் பொதுமக்களை ஏற்றிச் சென்றது. இதற்கிடையே 2019இல் பல்கலைக்கழகத்திலிருந்தே 'சீபஸ்' நிறுவனம் பிறந்தது. 2023இல் அதன் தொழில்நுட்பம் ஸ்டாக்ஹோமில் 'எஸ்டெல்' என்ற பயணிகள் படகில் ஏறியது. எல்லாம் ஒரு கால்வாயைக் கடக்கும் கேள்வியிலிருந்து கிளம்பியவை.

விதி வகுப்பவர்களைக் கடைசியில் போய்ப் பார்ப்பது அடுத்த தவறு. செல்போன் செயலியை இன்று எழுதி நாளை வெளியிடலாம். கப்பலில் ஒரு சென்சார் பொருத்தக்கூட, கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பின் ஆய்வாளரான கிளாஸ் சர்வேயரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். நார்வே அதிகாரிகள் 2016இலேயே ட்ரொன்ஹைம் கடற்கழியைத் தானியங்கிக் கப்பல்களுக்கான சோதனைப் பகுதியாக அறிவித்திருந்தார்கள். 2022 ஓட்டத்திலும் பாதுகாப்புக்கென ஒரு பணியாளர் படகிலேயே இருந்தார். ஆளில்லாப் படகில் ஆள் எதற்கு என்று சிரிக்க வேண்டாம், ஏறுகிறவர்களுக்கு நம்பிக்கை வேண்டுமே! இங்கே என்றால் கப்பல் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி. ஷிப்பிங், கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் ஆட்களை முதல் கூட்டத்துக்கே அழைத்துவிடுங்கள்.

காலக்கணக்கையும் பலர் மறக்கிறார்கள். செமஸ்டர் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். சரக்குக் கப்பலோ, சர்வதேச விதிப்படி, ஐந்து ஆண்டில் இரண்டு முறை அடிப்பாகச் சோதனைக்கு உட்பட்டால் போதும், இடைவெளி 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. அடிப்பாகத்தில் எதையாவது பொருத்திப் பார்க்க கப்பலை நீருக்கு வெளியே நிறுத்தும் டிரைடாக் நாட்களை விட்டால் வேறு வாய்ப்பு அரிது. ஒரு பேட்ச் தொடங்கியதை அடுத்த பேட்ச் எடுத்து நடத்துகிற ஏற்பாடு வேண்டும். இல்லையா, துறைமுகத்தைச் சுற்றியே ஓடும் டக் படகில் (கப்பல்களை இழுப்பது), பைலட் படகில் (வழிகாட்டும் மாலுமியைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்வது) முதலில் சோதியுங்கள். என்னைக் கேட்டால் சிறிய கல்லூரிகளுக்கு இதுவே உகந்த இடம்.

நிறுவனத்தின் அலுவலகத்தோடு மட்டும் பேசுவதும் தப்பு. 2023 ஜனவரியில் சி.ஐ.ஐ. (கார்பன் செறிவுக் குறியீடு) விதி வந்தது முதல், 5,000 கிராஸ் டன்னேஜுக்கு (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட கப்பல்களுக்குக் கார்பன் உமிழ்வை வைத்து ஆண்டுதோறும் 'ஏ' முதல் 'இ' வரை தரம் போடுகிறார்கள். உடனே மாணவர்கள் எரிபொருளைக் கணிக்கும் ஏ.ஐ. மாடல் செய்யக் கிளம்பிவிட்டார்கள். கையில் இருக்கும் தரவு பெரும்பாலும் நூன் ரிப்போர்ட்: ஒரு நாளைக்கு ஒருமுறை கப்பலில் கையால் நிரப்பி அனுப்புவது. அந்த எண்கள் எப்படி வருகின்றன, எதில் தோராயம் புகுகிறது என்று சீஃப் இன்ஜினீயர்தான் சொல்ல முடியும். அவரைக் கேட்காமல் கட்டிய மாடல் கல்லூரிக் கண்காட்சியோடு நின்றுவிடும்.

பக்கத்தில் கட்டடம் இருந்தால் கூட்டு தானாக வரும் என்று நினைப்பவர்கள் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவைப் பார்க்கலாம். அங்கே இடம் எடுக்கும் நிறுவனம், மாணவர் இன்டர்ன்ஷிப், கூட்டு ஆய்வு, ஆலோசனை போன்றவற்றால் 'கிரெடிட்' சேர்த்தாக வேண்டும். அதே ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2015இல் உருவானது பிளானிஸ் நிறுவனம். மூழ்காளர் இறங்கிப் பார்க்கும் துறைமுகத் தூண்களையும் அணைச் சுவர்களையும் அதன் நீரடி ரோபோக்கள் பார்க்கின்றன.

காப்புரிமை யாருக்கு, கப்பலின் தரவை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுத யார் அனுமதிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் முதல் வரைவிலேயே இருக்கட்டும்.