சின்ன அலுவலகத்துக்கு இணையப் பாதுகாப்பு: எங்கிருந்து தொடங்குவது?

சிங்கப்பூரில் தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம், உபியில் ஏர்கான் சர்வீஸ், ஜூரோங்கில் சரக்குப் போக்குவரத்து, எதுவாகவும் இருக்கட்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் தனியாக ஐடி ஆள் இருக்க மாட்டார். கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவர் தலையில்தான் எல்லாம் விழும். அந்த ஒருவருக்காக இதை எழுதுகிறேன். "நம்மிடம் திருட என்னப்பா இருக்கு?" என்று முதலாளி கேட்பார். மாதா மாதம் சப்ளையர்களுக்குப் பணம் போகிறதே, திருடனுக்கு அது போதும்.

படி 1: மின்னஞ்சலைப் பூட்டுங்கள்

பலர் ஆன்டிவைரஸ் வாங்குவதில் தொடங்குகிறார்கள். நான் மின்னஞ்சலில் தொடங்கச் சொல்வேன். மற்ற கணக்குகளின் மறைச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. மைக்ரோசாஃப்ட் 365, கூகல் ஒர்க்ஸ்பேஸ் எதுவானாலும் நிர்வாகிப் பக்கத்துக்குப் போய் இருபடிச் சரிபார்ப்பை (மறைச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்பது) எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள். முதலாளிக்கும் விலக்கு வேண்டாம். முதல் குறியே அவர்தான். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, கைபேசியிலேயே குறியீட்டைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது. மறைச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசி அல்லது கணினியின் திரைப்பூட்டைத் திறந்து நுழையும் பாஸ்கீ இன்னும் நல்லது, போலி இணையப்பக்கத்தில் அது வேலையே செய்யாது.

அப்புறம் ஒவ்வொருவர் அஞ்சல்பெட்டியிலும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக முன்னனுப்பும் விதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே புகுந்தவர்கள் 'இன்வாய்ஸ்' என்ற சொல் வரும் கடிதங்களை வெளியே அனுப்பும்படி ஒரு விதியை வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பார்கள். மறைச்சொல்லை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும்.

சம்பளச் சீட்டு பிடிஎஃப்பை அடையாள அட்டை எண்ணால் பூட்டி அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த எண்ணை மறைச்சொல்லாகப் பயன்படுத்த வேண்டாம் என்று இணையப் பாதுகாப்பு அமைப்பும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் 2025 ஜூனில் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டன.

படி 2: பணம் போகும் வழிக்கு ஒரு விதி

இதற்குக் காசு செலவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான்.

2024 ஜூலையில் சிங்கப்பூரில் உள்ள ஒரு வணிகப்பொருள் நிறுவனத்துக்கு, வழக்கமான சப்ளையர் எழுதியதுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. இனிப் பணத்தைக் கிழக்குத் திமோரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்றது. அனுப்பியவர் முகவரியில் எழுத்து லேசாக மாறியிருந்தது. போனது 42.3 மில்லியன் அமெரிக்க டாலர். உண்மையான சப்ளையர் 'பணம் வரவில்லையே' என்று சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. உடனே புகார் செய்ததால் இன்டர்போல் உதவியோடு சுமார் 39 மில்லியனை முடக்க முடிந்தது.

இப்போது முகத்தையும் நம்ப முடியாது. 2025 மார்ச்சில் இங்குள்ள பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் நிதி இயக்குநர், ஸூமில் மேலதிகாரிகளைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் 4,99,000 அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பினார். திரையில் தெரிந்தவை டீப்ஃபேக் முகங்கள், அதாவது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய போலிகள். அந்தப் பணமும் ஹாங்காங் காவல்துறையின் துணையோடு திரும்பக் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்காது.

ஆகவே விதி இது: வங்கிக் கணக்கு எண் மாறுகிறது என்று தகவல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அல்ல. பெரிய தொகைக்கு இரண்டு பேர் ஒப்புதல். "நானே அவசரம் என்று சொன்னாலும் திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று முதலாளியே ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் எழுதட்டும். பெரியவரிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூசும் நம் பழக்கம் மோசடிக்காரனுக்கு ரொம்ப வசதி.

படி 3: நகல்

ரான்சம்வேர் என்ற தீய மென்பொருள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். ஆகவே கோப்புகளுக்கு நகல் வேண்டும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று அலுவலகத்துக்கு வெளியே. எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை நகல் என்று எண்ணாதீர்கள், அதுவும் சேர்ந்து பூட்டப்படும். எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பாருங்கள்.

படி 4: சில்லறை வேலைகள்

தானியங்கி அப்டேட்டைப் போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. ரவுட்டர், சிசிடிவி இரண்டுக்கும் பெட்டியோடு வந்த மறைச்சொல்லை மாற்றுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள்.

யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழுவின் பெயர் செய்திகளில் அடிபடும். முக்கியக் கட்டமைப்புகளை அந்தக் குழு தாக்குகிறது என்று 2025 ஜூலையில் அமைச்சர் கா சண்முகம் அறிவித்தார். மின்சாரம், தொலைத்தொடர்பு நடத்துபவர்களின் தலைவலி அது. மளிகைக் கடைக்காரர் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: நடந்துவிட்டால்

சந்தேகப்படும் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள், ஆனால் உடனே ஃபார்மேட் செய்யாதீர்கள்; தடயம் போய்விடும். பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு, அடுத்தது போலிசுக்கு. மோசடியா இல்லையா என்று புரியாவிட்டால் ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799க்கு அழைக்கலாம். ஊடுருவலை இணையப் பாதுகாப்பு அமைப்பின் அவசரக் குழுவான சிங்சர்ட்டிடம் தெரிவிக்கலாம். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தனிநபர் தரவு கசிந்திருந்தாலோ, கசிவால் அவர்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றாலோ, அப்படி முடிவுக்கு வந்த 3 நாளுக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். அழைக்க வேண்டிய இந்தத் தொலைபேசி எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்தால் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் தொடங்கிய சைபர் எசென்ஷியல்ஸ் என்ற சான்று முத்திரைக்கு முயலலாம். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை அதிலும் வரும். யாரிடம் எந்த லேப்டாப், எந்தச் செயலி என்று பட்டியல் போடும் பகுதிதான் நேரத்தை இழுக்கும். அதை இன்றே ஒரு எக்செல் தாளில் தொடங்கிவிடுங்கள்.