ஆங்கில வகுப்பில் கவிதையைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி ஆங்கில வகுப்பில் ஒரு கவிதையை வாசித்து முடித்ததும் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது என்ன சொல்ல வருகிறது?" என்பதுதான். ஒருவர் மரணம் என்பார், இன்னொருவர் நிலையாமை என்பார், மூன்றாமவர் இயற்கை என்பார். பத்து நிமிடத்தில் பேச்சு வாழ்க்கையைப் பற்றிப் போய்விடும். கவிதை மேசைமேல் அப்படியே கிடக்கும். மாணவர்களாக இருந்தபோது நாங்களும் இதைத்தான் செய்தோம். கவிதை வகுப்பில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் பிறந்தவை என்பது என் எண்ணம். வரிகளில் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிப்பதற்குள் கருத்துக்குத் தாவிவிடுகிறோம்.

ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் 'தி ரோட் நாட் டேக்கன்' கவிதையை எடுத்துக்கொள்வோம். 1915-ல் முதலில் அச்சானது, இருபதே வரிகள். காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது, ஒருவன் அதிகம் பேர் போகாத பாதையில் போகிறான், அதனால் அவன் வாழ்க்கையே மாறுகிறது, ஆகவே கூட்டத்தோடு போகாதே. நானும் முதல் வருடம் இப்படித்தான் விடை எழுதினேன். கடைசி இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் அது சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஒன்பதாவது, பத்தாவது வரிகளில், இரண்டு பாதைகளிலும் நடந்து தேய்ந்த தடம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவனே சொல்லிவிடுகிறான். அன்று காலை இரண்டும் மிதிபடாத இலைகளோடு ஒரே மாதிரி கிடந்தன என்றும் சொல்கிறான். அப்புறம் கடைசிப் பத்தியில் வினைச்சொல் எதிர்காலத்துக்குப் போகிறது. பல காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, 'ஆள் குறைவாக நடந்த பாதையில் போனேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறான். முதலில் கண்ணால் பார்த்ததும், பின்னால் சொல்லப்போகும் கதையும் பொருந்தவில்லை. தலைப்போ போகாமல் விட்ட பாதையைப் பற்றியது. வகுப்பில் பேச்சு தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகவே பொழிப்புரை சொல்ல யாரும் கூச்சப்படாதீர்கள். அது பள்ளிக்கூட வேலை என்று பலர் நினைக்கிறார்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எழுவாய் எது, பயனிலை எது, எந்தக் காலம் என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். வரி முடியும் இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைப்பதால் வரும் குழப்பம்தான் எத்தனை! நிறுத்தற்குறி வரும்வரை நிறுத்தாமல் படித்தாலே அதில் பாதி தீர்ந்துவிடும். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கியத் திறனாய்வாளர் மாணவர்களிடம் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அவற்றை ஆராய்ந்து 1929-ல் வெளியிட்ட புத்தகத்தில், கவிதை வாசிப்பில் வரும் பத்து இடர்ப்பாடுகளை அடுக்குகிறார். முதலாவது, நேரடிப் பொருளையே பிடிக்க முடியாமல் போவது. தேர்ந்த மாணவர்களுக்கே அப்படி என்றால், நாம் அந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதில் நியாயமே இல்லை.

அடுத்தது, கவிதையில் வரும் 'நான்' கவிஞர்தான் என்று எடுத்துக்கொள்வது. சங்க அகப்பாடல்களோடு வரும் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்ற குறிப்புகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஆங்கில வகுப்புக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறோம். வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபோடில்ஸ் கவிதை, மேகம்போலத் தனியே திரிந்தேன் என்று தொடங்குகிறது. உண்மையில் 1802 ஏப்ரல் 15 அன்று உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தபோது அவர் தங்கை டோரத்தி கூடவே இருந்தார். டோரத்தியின் நாட்குறிப்பில் அந்தக் காட்சி விரிவாகவே பதிவாகியிருக்கிறது. இதை வைத்துக் கவிஞர் பொய் சொல்கிறார் என்று முடித்துவிடக் கூடாது. தங்கை இல்லாத ஒரு 'நான்' இந்தக் கவிதைக்கு ஏன் வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். கடைசிப் பத்தியில் தனிமையின் பேரின்பம் என்று ஒரு தொடர் வரும். அதற்கான விதை முதல் வரியிலேயே விழுந்துவிட்டது. எமிலி டிக்கின்ஸனும் 1862-ல் எழுதிய ஒரு கடிதத்தில், தன் கவிதைகளில் பேசுவது தான் அல்ல, கற்பனையான ஓர் ஆள் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். வாழ்க்கை வரலாறு வேண்டாம் என்பதில்லை. அது நம்மை வரிகளுக்குத் திருப்பி அனுப்பும்போது பயன்படுகிறது. விடையாக அதையே எழுதிவைக்கும்போது கவிதை காணாமல் போய்விடுகிறது.

சொற்களையும் இன்றைய பொருளிலேயே படித்துவிடுகிறோம். பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட்ரூ மார்வெல் எழுதிய ஒரு காதல் கவிதையில் 'வெஜிடபிள் லவ்' என்று வரும். காய்கறி என்று நினைத்து வகுப்பே சிரிக்கும். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குச் செடிகொடிபோல உணர்ச்சியற்று, மெல்ல வளர்வது என்ற பொருள் இருந்தது. அதே வாக்கியத்தில், பேரரசுகளைவிடப் பெரிதாகவும் மெதுவாகவும் வளரும் என்றும் வருகிறது. ஆக, தெரியாத சொல்லுக்கு மட்டும் அகராதியைத் திறந்தால் போதாது. தெரிந்த சொல் ஓர் இடத்தில் ஒட்டாமல் நின்றால், பழைய பொருள்களையும் தரும் பெரிய அகராதியைக் கட்டாயம் பாருங்கள்.

குறியீடு தேடும் பழக்கம் இன்னொன்று. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் 1923-ல் வெளியிட்ட சிவப்புத் தள்ளுவண்டிக் கவிதையில் மொத்தமே பதினாறு சொற்கள். மழைநீரில் பளபளக்கும் வண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். வகுப்பில் உடனே சிவப்பு என்றால் புரட்சி, வெள்ளை என்றால் அமைதி என்று கை தூக்குவார்கள். கவிதையில் அதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. ஆனால் கண்ணெதிரே இருக்கும் ஒன்றை யாரும் சொல்வதில்லை. 'வீல்பேரோ' என்ற ஒரே சொல்லை, 'வீல்' ஒரு வரியிலும் 'பேரோ' அடுத்த வரியிலுமாகக் கவிஞர் உடைத்து வைத்திருக்கிறார். மழைநீர் என்ற சொல்லையும் அப்படியே பிரிக்கிறார். நாம் தினமும் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு பொருளை, சக்கரம், உடல் என்று ஒவ்வொரு பாகமாக நின்று பார்க்க வைக்கிறார். இதையே 'லைன் பிரேக் உத்தி இருக்கிறது' என்று எழுதி நிறுத்திக்கொள்வதும் தவறுதான். மோனை இருக்கிறது, உவமை இருக்கிறது, ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற யாப்பு இருக்கிறது என்று பட்டியல் போட்டால் பரீட்சையில் ஓரிரண்டு மதிப்பெண் கிடைக்கலாம். அந்த உத்தி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால்தான் அது விளக்கம்.

எல்லோர் கையிலும் இருப்பது ஒரே கவிதைதானா என்றும் பாருங்கள். டிக்கின்ஸனின் கவிதைகளை 1890-ல் முதன்முதலாகத் தொகுத்தவர்கள் நிறுத்தற்குறிகளையும் சில சொற்களையும் மாற்றினார்கள். மரணம் வண்டியோடு வந்து நிற்கும் அவருடைய புகழ்பெற்ற கவிதையில் ஒரு பத்தியையே விட்டுவிட்டார்கள். வரிகளுக்கு இடையே அவர் நிறுத்தற்குறியாக இட்ட சிறு கோடுகளெல்லாம் (டாஷ்) 1955 பதிப்பில்தான் முறையாகத் திரும்ப வந்தன. ஒருவர் ஐந்து பத்திகளையும் மற்றவர் ஆறு பத்திகளையும் வைத்துக்கொண்டு வாதாடினால் எப்படி ஒத்துப்போகும்?

"கவிதைக்கு யார் எந்தப் பொருளும் சொல்லலாம்" என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பெருந்தன்மைபோலத் தோன்றினாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. ஆசிரியர் மனதில் ஒரே சரியான விடை இருக்கிறது, அதை ஊகித்தால் போதும் என்பது இதன் மறுபக்கம். ஒரு விளக்கம் எத்தனை வரிகளைத் தாங்குகிறது, எந்த வரியில் உடைகிறது என்று பார்ப்பதே நேர்மையான வழி. உங்கள் பாட்டியின் நினைவு வந்தால் வரட்டும். எந்தச் சொல் அதைக் கிளப்பியது என்று சொல்லுங்கள். வரி எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். மற்றவர் சொன்னது உங்கள் கருத்துக்கு எதிராக இருந்தால், அவர் காட்டிய வரிக்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் வரிக்கு வாருங்கள். பொருந்தாத வரியை மறைக்காதீர்கள்.

நேரம் இருந்தால் வகுப்பின் கடைசியில் கவிதையை இரண்டு பேர் தனித்தனியாக உரக்கப் படிக்கட்டும். ஃப்ராஸ்ட் கவிதையில் அந்தப் பெருமூச்சு வரும் வரியை ஒருவர் திருப்தியோடு படிப்பார், மற்றவர் இழந்ததை நினைத்துப் படிப்பார். ஏன் அப்படிப் படித்தீர்கள் என்று இருவரையும் கேளுங்கள்.