மாத்திரை போட்டு பீரியட்ஸ் வந்தாச்சு, அப்புறம் நாள் எண்ணுவது எப்படி?

எனக்கு நாற்பது நாள், அறுபது நாள் என்று தள்ளிப்போவது கல்லூரிக் காலத்திலிருந்தே பழக்கம். பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் கோளாறால் முட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளிவராத நிலை. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத சொந்தமே இல்லை. அந்தச் சமயத்தில் மாத்திரை போட்டு பீரியட்ஸ் வந்ததும், உடம்பு சரியாகிவிட்டது என்று நானே முடிவுகட்டி மூன்று மாதத்தை வீணாக்கினேன். நான் டாக்டர் இல்லை, ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். தப்புச் செய்து, கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மாத்திரையைத் தொடும் முன் சிறுநீர் டெஸ்ட் எடுங்கள். நாள் தள்ளிப்போனதற்குக் கர்ப்பமே காரணமாக இருக்கலாம். நம்மைப் போல ஒழுங்கில்லாமல் வருகிறவர்களுக்கு 'எத்தனை நாள் தள்ளியிருக்கிறது' என்ற கணக்கே உதவாது. கடைசியாகச் சேர்ந்திருந்து மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் 'இல்லை' என்பதை நம்பலாம். நான் பப்பாளி, எள்ளுருண்டை எல்லாம் தின்று பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் மாத்திரை வாங்கினேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுத்தார்கள். அப்படி வாங்காதீர்கள். டாக்டரிடம் போனால் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்ப்பார்கள். தள்ளிப்போவதற்கு அவையும் காரணமாகலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் அன்றே ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

பொதுவாக எழுதித் தருவது மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் (புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் போல வேலை செய்யும் மாத்திரை) 10 மில்லிகிராம், 5 முதல் 10 நாள் வரை. கடைசி மாத்திரை போட்டு ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். எனக்கு நான்காம் நாள் வந்தது. இரண்டு வாரமாகியும் வராவிட்டால் மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதில்தான் நான் ஏமாந்தேன். கோயில் விசேஷத்துக்காகத் தள்ளிப்போட மாத்திரை போடுவோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். போடுகிற வரை கருப்பையின் உள்சுவர் அப்படியே நிற்கும், நிறுத்தினால் உதிரும். இயல்பான மாதத்தில் முதலில் முட்டை வெளிவரும், அதன் பிறகு உடம்பே புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கும், அது குறையும்போது பீரியட்ஸ். மாத்திரை செய்வது அந்தக் கடைசிப் பங்கை மட்டும். ரத்தம் வந்ததை வைத்து முட்டை வந்தது என்று சொல்ல முடியாது.

அதற்காகக் கரு தங்காது என்றும் இல்லை. அந்தச் சுற்றில் முட்டை தானாகவே வரலாம், இருபதாம் நாளோ முப்பத்தைந்தாம் நாளோ. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் இந்த மாத்திரையைக் கருத்தடை என்று நினைத்துவிடாதீர்கள்.

வேண்டும் என்பவர்கள் நன்றாக ரத்தப்போக்கு ஆரம்பித்த நாளை ஒன்று என்று குறியுங்கள். முந்தின நாள் பட்ட லேசான கறை கணக்கில் வராது. நான் சமையலறைத் தினசரி காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பேன். மாமியார் ஏதோ சீட்டுக் கட்டும் தேதி என்றே நினைத்திருந்தார்! மொபைல் ஆப் பதினான்காம் நாள் என்று மணி அடிக்கும். அது 28 நாள்காரர்களுக்கு. முட்டை வந்து சுமார் 14 நாளில்தான் அடுத்த பீரியட்ஸ், ஆக 40 நாள் சுற்றென்றால் 26-ஆம் நாளை ஒட்டித்தான் முட்டை. அது முன்கூட்டித் தெரியாது என்பதால், ரத்தம் நின்றதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருப்பதே நல்லது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்தான், விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி, இரண்டு விரலுக்கு நடுவே நூலாக இழுபட்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். முட்டை வரும் நாளைக் காட்டும் ஸ்ட்ரிப் பிசிஓஎஸ்காரர்களுக்குச் சரிப்படாமல் போகலாம். எனக்கு ஆறு நாளும் அழுத்தமாகவே கோடு, ஒரு பாக்கெட் தண்டம்.

இப்படியும் நடக்கவில்லை என்றால் முட்டை வளர மாத்திரை தருவார்கள். எனக்கு லெட்ரோசோல் 2.5, மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள். அப்புறம் ஸ்கேன். "பாத்ரூம் போயிட்டு வந்து படுங்கம்மா" என்பார் அந்த அக்கா. பதினொன்றாம் நாள் வலது பக்கம் முட்டை வளரும் பை 12 மில்லிமீட்டர், பதிமூன்றில் 16, பதினைந்தில் 19. 18-ஐத் தாண்டியதும் முட்டையை வெளிவரச் செய்யும் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் அந்தப் பை வெடித்து முட்டை வெளிவரும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் உடனே கரு நிற்கும் என்று எண்ண வேண்டாம். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் நான்கில், ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புதான். 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பிசிஓஎஸ் உள்ளவர்கள் ஐந்து சுற்று வரை லெட்ரோசோல் எடுத்து, நூற்றுக்கு 27, 28 பேருக்குக் குழந்தை பிறந்தது. 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். நாள் ஒழுங்கில்லாதவர்கள் அதற்கும் முன்பே போகலாம்.

ஊசி போட்டவர்களுக்கு ஒன்று. அந்த ஊசியில் இருப்பதும் கர்ப்ப டெஸ்ட் தேடுவதும் ஒரே ஹார்மோன். நான் ஊசி போட்ட எட்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பழைய தயிர் டப்பா மூடியில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது கோடு மங்கலாக வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். நான்கு நாளில் கோடு காணாமல் போனது, ஊசிதான் காட்டியிருக்கிறது. இரண்டு வாரம் பொறுத்து ரத்த டெஸ்ட் எடுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு மூன்றாவது சுற்றில் ஏறியது.