பழைய கொம்பியூட்டர் இழுக்கிறதா? கடைக்குக் கொண்டுபோக முன் வீட்டிலேயே செய்து பாருங்கள்

"அண்ணை, ஒன் பண்ணிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கொண்டுதான் நிக்குது." ஐந்தாறு வருடப் பழைய கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. கடையில் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வச்சிட்டுப் போங்கோ, வின்டோஸ் புதுசாப் போட்டுத் தாறன்." போட்டுத் தருவார்கள், கொஞ்ச நாள் நன்றாக ஓடும், பிறகு பழைய கதைதான். எதனால் இழுத்தது என்று யாரும் பார்க்காததுதான் காரணம். வின்டோஸை அழித்துப் போடுவது கடைசி வைத்தியம். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியவை நிறைய உண்டு, பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை.

தொடங்க முன் ஒரு வேலை. பிள்ளைகளின் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹாட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்து வையுங்கள். மெதுவாகிவிட்ட டிஸ்க் சில வேளை சாகப்போகும் டிஸ்க்காகவும் இருக்கும்.

கணினியா, இணையமா?

இதை முதலில் பிரித்துப் பாருங்கள். வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு வேர்ட் கோப்பையும், படங்கள் உள்ள ஒரு போல்டரையும் திறவுங்கள். அவை சட்டென்று திறந்தால் உங்கள் கணினியில் குறை இல்லை. லைனிலோ ரவுட்டரிலோதான் பிரச்சினை. இரவில் தொடர்மாடி முழுவதும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது வரும் தாமதத்துக்கு நீங்கள் டிஸ்க்கைத் துப்புரவாக்கிப் பயனில்லை. வேர்ட்டே திறக்க ஒரு நிமிடம் எடுத்தால் கீழே வாசியுங்கள்.

டாஸ்க் மனேஜரைத் திறவுங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். மேலே சிபியு (கணினியின் மூளையான சிப்), மெமரி (வேலை நடக்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம், ராம் என்பதும் இதுதான்), டிஸ்க் (கோப்புகள் சேமிக்கும் இடம்) என்று சதவீதங்கள் ஓடும். கணினி இழுத்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே பாருங்கள், சும்மா நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிமிடக்கணக்காக நின்றால் டிஸ்க்தான் திணறுகிறது. மெமரி 85, 90 என்று ஏறி நின்றால் ராம் போதவில்லை. சிபியு உச்சத்தில் நின்றால் எந்தப் புரோகிராம் அதைத் தின்கிறது என்று பட்டியலின் மேல் வரியில் தெரியும். 'சிபியு' என்ற தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் அதிகம் எடுப்பது மேலே வரும். மூன்றும் சாதாரணமாக இருந்தும் கணினி தவழ்ந்தால், அதோடு காற்றாடிச் சத்தமும் பெரிதாகக் கேட்டால், சூடு காரணமாக இருக்கலாம். அதைத் தூசிப் பகுதியில் பார்ப்போம்.

அங்கேயே 'பெர்போமன்ஸ்' பக்கத்துக்குப் போய் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். எஸ்எஸ்டியா (அசையும் பாகம் இல்லாத டிஸ்க்) எச்டிடியா (தட்டுச் சுழலும் ஹாட் டிஸ்க்) என்று அதில் எழுதியிருக்கும். இதை ஒரு துண்டில் குறித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும். மெமரியைச் சொடுக்கினால் எத்தனை ஜிபி, ராம் செருகும் இரண்டு ஸ்லொட்டில் ஒன்றா இரண்டா நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

அதே பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கி 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் இரவில் அணைத்துவிட்டுப் படுக்கும் வீட்டிலும் அது இருபது நாள், முப்பது நாள் என்று காட்டும். வின்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் வின்டோஸின் உள் பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அது டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த நாள் அப்படியே எழுப்பப்படுகிறது. பழைய சிக்கல்களும் கூடவே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கிழமைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். இவ்வளவு சின்ன வேலையில் குணமான கணினிகள் உண்டு.

தானாக எழும்பும் புரோகிராம்களை நிறுத்துங்கள்

டாஸ்க் மனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பக்கம். கணினி தொடங்கும்போது கூடவே எழும்பும் எல்லாம் இங்கே வரிசையில் நிற்கும். சூம், ஸ்கைப், கேம் லோஞ்சர், எப்போதோ விற்றுவிட்ட பிரின்டரின் மென்பொருள். வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் எதுவும் அழியாது, தேவையானபோது நீங்களே திறந்துகொள்ளலாம். வைரஸ் காவலையும் சவுண்ட், டச்பேட் போன்றவற்றையும் விட்டுவிடுங்கள். பெயர் புரியாத ஒன்று இருந்தால் இணையத்தில் தேடிப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

சி டிரைவில் இடம் விடுங்கள்

சி டிரைவில் குறைந்தது 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். சிவப்புக் கோடு வந்துவிட்ட டிரைவில் வின்டோஸ் மூச்சுவிட முடியாது. அப்டேட்டும் இறங்காது.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அப்புறம் 'டெம்பரரி ஃபைல்ஸ்'. அதில் வருபவற்றை டிக் செய்து அழிக்கலாம். ஆனால் ஒரு கண் வையுங்கள்: அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால் டவுன்லோட்ஸ் போல்டரில் உள்ள எல்லாம் போய்விடும். பலர் வங்கிக் கூற்று, விண்ணப்பப் படிவம், பிள்ளையின் பாஸ் பேப்பர் என்று எல்லாவற்றையும் வைத்திருப்பதே அங்கேதான். முதலில் போல்டரைத் திறந்து வேண்டியதை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

கொழும்பு வீடுகளில் இடத்தை விழுங்கும் இன்னொன்று, கொரோனாக் காலத்து ஒன்லைன் வகுப்புப் பதிவுகள். டொக்யுமென்ட்ஸ் உள்ளே 'சூம்' என்று ஒரு போல்டர் இருக்கிறதா பாருங்கள். அன்று ஓ.எல் எழுதிய பிள்ளை இன்று வேலைக்கே போயிருக்கும், கணித வகுப்பு மட்டும் ஜிபிக் கணக்கில் உள்ளே கிடக்கும். வேண்டாத புரோகிராம்களை செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டோல் செய்யுங்கள். ஐகானை மட்டும் அழித்தால் போதாது.

டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது பற்றிக் கேட்பார்கள். வின்டோஸ் அதைத் தானாகவே கிழமைக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும். நீங்களாகச் செய்வதென்றால் எச்டிடிக்கு மட்டும். எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வதில் பயனில்லை, வீணாகத் தேய்மானம்தான்.

பிரவுசரும் வைரஸும்

குரோமில் முப்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு 4 ஜிபி ராமைக் குறை சொல்ல முடியாது. எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேரும் சின்னப் புரோகிராம்கள்) பட்டியலைத் திறந்து, நீங்கள் போடாததையெல்லாம் நீக்குங்கள். குரோம் செட்டிங்ஸில் 'பெர்போமன்ஸ்' பகுதியில் 'மெமரி சேவர்' இருக்கிறது, அதை ஒன் செய்யுங்கள்.

வின்டோஸோடு வரும் டிஃபென்டரே வீட்டுக்குப் போதும். இரண்டு வைரஸ் காவல்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே கணினியைக் களைக்க வைக்கும். சந்தேகம் இருந்தால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி, பதினைந்து நிமிட அளவில் முடியும். கிராக் செய்த வின்டோஸ், கிராக் செய்த போட்டோஷொப் இருந்தால் அவற்றைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'ஒரே கிளிக்கில் பத்து மடங்கு வேகம்' என்று வரும் புரோகிராம்களுக்குப் பக்கத்திலும் போகாதீர்கள். ரெஜிஸ்ட்ரி என்பது வின்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம், அதைத் துடைக்கும் கிளீனர்களை மைக்ரோசொஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

மூடியைத் திறந்து தூசி தட்டுதல்

இதை ஆறுதலாக, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். கொழும்பில் கணினிக்குள் படிவது வெறும் தூசி அல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடற்கரைக்கு அருகில் என்றால் உப்புக்காற்று, எந்தப் பக்கம் என்றாலும் காற்றில் ஈரம், சமையலறை பக்கத்தில் என்றால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை. மூன்றும் தூசியோடு சேர்ந்து கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். ஊதினால் பறக்காது. சிபியுவின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையில் இது அடைத்தால் காற்று போகாது, சிப் சூடாகும். சூடானதும் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். மென்பொருளில் எதை மாற்றினாலும் இது தீராது.

டெஸ்க்டொப் என்றால்: ஷட் டவுன் செய்து, சுவரில் சுவிட்சை ஓஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கும். பின்பக்கம் இரண்டு திருகாணிகள் இருக்கும், அவற்றைக் கழற்றிப் பக்கத் தகட்டைப் பின்னோக்கி இழுங்கள். கடலோர வீடுகளில் திருகாணி துருப்பிடித்து இறுகியிருக்கும். அவசரப்பட்டுத் தலையைத் தேய்த்துவிடாமல், பொருத்தமான அளவு ஸ்குரூ டிரைவரால் அழுத்தித் திருகுங்கள். உள்ளே எதையும் தொட முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள், உடம்பில் உள்ள நிலைமின் இறங்கிவிடும்.

உள்ளே பல்லி முட்டை இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், நம் ஊரில் அது சாதாரணம். சூடும் இருட்டும் உள்ள இடம் பல்லிக்கு வேறு எங்கே கிடைக்கும்? கரப்பான் எச்சமும் இருக்கலாம். ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய ஓரங்குலப் புதுப் பெயின்ட் பிரஷ் போதும். சிபியு காற்றாடியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் இதழ்களைத் துடையுங்கள். பிடிக்காமல் ஊதினால் காற்றாடி அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகலாம். அடுத்து, காற்றாடிக்குக் கீழே தகடுகளுக்கிடையில் பிரஷின் நுனியை விட்டுக் கிளறி, கம்பளித் தூசியை வெளியே இழுங்கள். வீட்டு வக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின் உண்டாகும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கக்கூடாது: பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும். அதன் வெளிச் சல்லடையை மட்டும் துடையுங்கள்.

துடைத்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் சிபியுவுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் உள்ள பசை காய்ந்திருக்கலாம். அதைப் புதிதாகப் பூசுவது கை பழகியவரின் வேலை, கடையில் கொடுங்கள். லப்டொப்பைத் திறந்து பழக்கமில்லையென்றால் வெளித் துவாரங்களை மட்டும் துப்புரவாக்குங்கள். மெத்தையில் வைத்துப் பாவிப்பதை விடுங்கள், காற்றுத் துவாரம் கீழேதான் இருக்கிறது. மேசையையும் கடல் பக்க யன்னலுக்குக் கீழிருந்து நகர்த்துங்கள்.

மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் டெஸ்க்டொப் வைத்திருந்தால் ஒரு யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் பற்றரிப் பெட்டி) போடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் கெடும், கெட்ட கோப்புகளோடு வின்டோஸ் தடுமாறும்.

இதற்குப் பிறகும் இழுத்தால்

இப்போது அந்தத் துண்டை எடுங்கள். எச்டிடி என்று எழுதியிருந்தால், பராமரிப்பால் பெறக்கூடியதை நீங்கள் பெற்றுவிட்டீர்கள். ஹாட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டுச் சுழல்கிறது, ஒரு கை அதன்மேல் ஓடி ஓடித் தேடுகிறது. ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க அதற்குப் பத்து மில்லிவிநாடி அளவு எடுக்கும். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை, அதே வேலை பத்தில் ஒரு பங்கு மில்லிவிநாடியில் முடியும். பழைய கணினிக்கு ஒரேயொரு செலவுதான் செய்யலாம் என்றால் எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள். ராமும் 4 ஜிபிதான், ஒரு ஸ்லொட் காலி என்றால் அடுத்ததாக அதை 8 ஆக்கலாம். ராமின் வகை டிடிஆர்3யா டிடிஆர்4யா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்று மற்றதன் ஸ்லொட்டில் இறங்காது.

வேகம் வரும் என்று நினைத்துப் பழைய கணினியில் வின்டோஸ் 11 போட ஓடாதீர்கள். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மைதான். ஆனால் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், பல பழைய சிபியுகளை அது ஏற்பதுமில்லை. உங்கள் கணினி அதில் தேறாவிட்டால், இணையமும் வேர்ட் போன்ற வேலையும் மட்டும் என்றால், வின்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் நன்றாக ஓடும், இலவசம்.

எஸ்எஸ்டி வாங்கப் பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாசாவுக்குப் போகலாம், ஒரே கட்டடத்தில் பல கடைகள். முதல் கடையிலேயே வாங்காமல் இரண்டு மூன்றில் விலை கேளுங்கள். கணினியின் மாதிரி எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்: உங்கள் கணினிக்குப் பொருந்தும் எஸ்எஸ்டி வகை சாட்டாவா என்விஎம்இயா என்று அதைப் பார்த்துச் சொல்வார்கள். 256 ஜிபி ஒரு வீட்டுக் கணினிக்கு வின்டோஸும் புரோகிராம்களும் வைக்கப் போதும். உத்தரவாதக் காலம் எழுதிய பில் வாங்குங்கள். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதுக்கு குளோன் செய்து தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். கழற்றிய ஹாட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒரு யூஎஸ்பி உறை வாங்கிப் போட்டால் பிரதி எடுத்து வைக்கும் டிஸ்க்காகப் பாவிக்கலாம்.