குத்தவைத்து உட்கார்ந்தால் குதிகால் தூக்குகிறதா?

குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தரையை விட்டு எழும்பினால், உடனே முழங்காலைக் குறை சொல்லாதீர்கள். பல நேரம் சிக்கல் கணுக்காலில்தான் இருக்கும்.

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால், தொடுகிற அளவுக்குப் பாதத்தை முன்னே நகர்த்தி, அந்த இடைவெளியை ஸ்கேலால் அளந்து குறித்து வையுங்கள். இரண்டு காலையும் தனித்தனியே பாருங்கள்; கொஞ்சம் வித்தியாசம் இருப்பது சகஜம்.

அப்புறம் அந்தச் சோதனையே பயிற்சி. மெதுவாக 10 முறை, தினமும் 2 சுற்று. முழங்கால் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகட்டும். உள்பக்கம் சரிந்தால் பாதத்தின் வளைவு தட்டையாகி, கணுக்கால் நன்றாக மடங்குவதுபோல் ஏமாற்றும். முடித்த கையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சில முறை குந்தி எழுந்திருங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிடைத்த அசைவை உடனே பயன்படுத்தினால்தான் உடம்பு பழகும் என்பது என் அனுபவம்.

கெண்டைக்காலில் இழுப்பு தெரிந்தால் சரி. கணுக்காலின் முன்பக்கம் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.