கர்ப்பப்பை இறக்கத்துக்கு ஆபரேஷன் இல்லாம என்ன பண்ணலாம்

சாயங்காலம் ஆனா அடிவயிறு கீழ இழுக்குது, குளிக்கும்போது கைல ஏதோ உருண்டையா தட்டுப்படுது, யூரின் போய்ட்டு வந்தும் முழுசா போகாத மாதிரியே இருக்கு, இதுல ஒண்ணு இருந்தாலும் எக்சர்சைஸ் வீடியோ தேடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கைனக் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. மும்பைல இருந்தா சயான், கேஇஎம் மாதிரி முனிசிபல் ஆஸ்பத்திரி ஓபிடிலயே பார்ப்பாங்க. தாராவில இருக்குற எங்க சித்தி ரொம்ப நாள் போகவே இல்ல, போனா கர்ப்பப்பையை எடுத்துடணும்னு சொல்லிடுவாங்கன்னு பயம். பரிசோதனைக்குப் போனா உடனே கத்தி வைக்க மாட்டாங்க, அதை முதல்ல மனசுல போட்டுக்கோங்க.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டியது, எது இறங்கியிருக்கு, எந்த ஸ்டேஜ் (எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு 1லேர்ந்து 4 வரை சொல்வாங்க), யூரின் முழுசா வெளியேறுதா. ஏன்னா இறங்குறது கர்ப்பப்பை மட்டும் இல்ல, முன்பக்கம் மூத்திரப்பை இறங்கலாம், பின்பக்கம் மலக்குடல் முட்டிக்கிட்டு வரலாம், சில பேருக்கு எல்லாம் சேர்ந்தே இருக்கும். 1, 2 ஸ்டேஜ்னா எக்சர்சைஸ் நல்லாவே கைகொடுக்கும், பிரிட்டன்ல வைத்திய வழிகாட்டி போடுற நைஸ் (NICE) அமைப்பு 2019லயே இந்த ஸ்டேஜ்களுக்கு குறைஞ்சது 16 வாரம் ஃபிசியோதெரபிஸ்ட் மேற்பார்வைல எக்சர்சைஸ் பண்ணிப் பார்க்கச் சொல்லுது. 2014ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வுல 447 பெண்கள், அதுல ஃபிசியோகிட்ட தனித்தனியா கத்துக்கிட்டவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சு தொந்தரவு குறைஞ்சிருந்தது. தொந்தரவு குறையும்னுதான் சொல்றேன், இறங்கினது எல்லாம் பழையபடி மேல போய்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 3, 4 ஸ்டேஜ்ல வெறும் எக்சர்சைஸ் மட்டும் போதாது.

இப்ப எக்சர்சைஸ். இடுப்புக்கு அடியில தூளி கட்டின மாதிரி ஒரு தசை இருக்கு, மேல இருக்குற உறுப்பையெல்லாம் அதுதான் தாங்குது, பிரசவத்துலயும் வயசாகி மாதவிடாய் நின்ன பிறகும் அது தளர்ந்துடுது. அந்தத் தசையைக் கண்டுபிடிக்க, நாலு பேர் இருக்குற இடத்துல காத்து பிரியாம அடக்குவோம் இல்ல, அதே மாதிரி பின்பக்கம் இறுக்குங்க, கூடவே யூரினை நிறுத்துற மாதிரி முன்பக்கமும் இறுக்கி ரெண்டையும் உள்ள மேல இழுங்க. தொடை, புட்டம் இறுகக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. நிஜமாவே யூரின் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, பை முழுசா காலியாகாமப் போய்டும்.

சரியா பண்றோமான்னு தெரிஞ்சுக்க ஒரு கைக்கண்ணாடியை கீழ வெச்சுப் பாருங்க. இறுக்கும்போது அந்த இடம் உள்ள போகணும். வெளிய பிதுங்குச்சுன்னா நீங்க முக்குறீங்கன்னு அர்த்தம், அப்படியே தொடர்ந்தா இருக்குறதும் மோசமாகும், உடனே நிறுத்திட்டு ஒரு பெண் ஃபிசியோகிட்ட போங்க, பெல்விக் ஃப்ளோர் (இந்த இடுப்படித் தசைதான்) பார்ப்பீங்களான்னு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. நிறைய பேர் இப்படித் தப்பா முக்கிட்டே இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன். இறுக்கினா வலிக்குதுன்னாலும் அவங்ககிட்டதான் போகணும், சிலருக்கு தசை தளர்றதுக்குப் பதிலா விறைச்சிருக்கும், அவங்க முதல்ல தளர்த்தத்தான் கத்துக்கணும்.

ஆரம்பத்துல இடுப்புக்குக் கீழ தலகாணி வெச்சு படுத்துக்கிட்டு 3 செகண்ட் பிடிச்சா போதும். மெதுவா 6லேர்ந்து 8 செகண்டுக்குக் கொண்டு வாங்க, பிடிச்ச அளவு நேரம் முழுசா விடவும் செய்யணும், விடுறதுதான் நிறைய பேர் மறக்குறது. ஒரு தடவைக்கு 8லேர்ந்து 12 முறை, கடைசில வேகமா இறுக்கி விடுறது ஒரு பத்து, இதை ஒரு நாளைக்கு 3 வேளை. படுத்து நல்லா வந்த பிறகு உட்கார்ந்து, அப்புறம் நின்னு.

ஆனா இதை மட்டும் பண்ணிட்டு மீதி நாள் பூரா கீழ அழுத்திக்கிட்டே இருந்தா பலன் வராது, என்னைக் கேட்டா பாதி வைத்தியம் அந்த அழுத்தத்தைக் குறைக்கிறதுலதான் இருக்கு. சித்தி வீட்ல விடியக்காலைல தண்ணி வரும், கொஞ்ச நேரத்துல நின்னுடும், அதுக்குள்ள டிரம் நிரப்பணும்னு குனிஞ்சு மூச்சைப் பிடிச்சு முழு பக்கெட்டைத் தூக்குவாங்க. 15 லிட்டர் பக்கெட்டுன்னா தண்ணியே 15 கிலோ. இப்ப குழாய்லேர்ந்து ஒரு டியூப் போட்டு நேரா டிரம்முக்கே விட்டாச்சு, தூக்கியே ஆகணும்னா பாதி பக்கெட், அதையும் தரையில வைக்காம ஒரு ஸ்டூல் மேல வெச்சு, உடம்போட ஒட்டிப் பிடிச்சு, முதல்ல கீழ இறுக்கிட்டு மூச்சை வெளிய விட்டுக்கிட்டே தூக்குறாங்க. இருமல் தும்மல் வரும்போதும் இதே மாதிரி முன்னாடியே இறுக்கிடணும். விடாத இருமல் இருந்தா அதுக்குத் தனியா மருந்து எடுங்க, ஒவ்வொரு இருமலும் கீழதான் இடிக்குது.

அப்புறம் டாய்லெட். பொது டாய்லெட்ல வெளிய லைன் நிக்குதுன்னு அவசரமா முக்குறது ரொம்பக் கெடுதல். இந்தியன் டாய்லெட்ல குந்துறது தப்பில்ல, முக்குறதுதான் தப்பு. வெஸ்டர்ன்னா காலுக்கடியில குட்டி ஸ்டூல் போட்டு முட்டி இடுப்பை விட உசரமா வர்ற மாதிரி வெச்சு, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு, வாயால ஊதுற மாதிரி மூச்சு விடுங்க. கீரை, கொய்யா, தேவைப்பட்டா இசப்கோல் (தண்ணில கலந்து குடிக்கிற நார்ச்சத்து உமி), அதோட நிறைய தண்ணி. வேலைக்குப் போற இடத்துல டாய்லெட் இல்லன்னு தண்ணியே குடிக்காம இருக்குற அக்காங்க எத்தனை பேர், அதுலதான் மலம் கெட்டியாகுது. பின்பக்கம் இறங்கி மலம் பாதில மாட்டிக்கிட்டா, கையைக் கழுவிட்டு பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவுல கட்டை விரலால அழுத்திக் கொடுங்க, டாக்டர்களே சொல்லித்தர்ற வழிதான், கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

உட்கார்றது நிக்கிறது பத்தி ஒரு வார்த்தை. போஸ்ச்சர் ஒண்ணே எல்லாத்தையும் சரிபண்ணிடும்னு சொல்றதை நான் ஏத்துக்கல, ஆனா கூன் போட்டு உட்கார்றதை விட்டா கனம் குறையுறது நிறைய பேருக்குத் தெரியுது. வால் எலும்பு மேல சாயாம உட்காருங்க, நிக்கும்போது விலா எலும்பு இடுப்புக்கு நேரா இருக்கட்டும், முட்டியை விறைப்பா வைக்காதீங்க, வயித்தை எக்கிப் பிடிக்காதீங்க, எக்கினா அழுத்தம் கீழதான் போகும். மதியம் வேலை முடிஞ்சதும் இடுப்புக்குத் தலகாணி, காலை நாற்காலி மேல போட்டு ஒரு 15 நிமிஷம் படுங்க, அந்த இழுக்குற வலி நல்லாவே குறையும். நடைப்பயிற்சி தாராளமா பண்ணலாம். சிட்-அப், ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்குறது, குதிக்கிறது, வேகமான கபாலபாதி மூச்சுப்பயிற்சி இதெல்லாம் இப்போதைக்கு வேணாம்.

பெஸரின்னு ஒண்ணு இருக்கு, சிலிக்கோன் வளையம், டாக்டர் அளவு பார்த்து உள்ள வெச்சு விடுவாங்க, இறங்கினதைத் தாங்கிப் பிடிக்கும். எக்சர்சைஸோட சேர்த்தே இதைப் போட்டுக்கலாம், 3வது ஸ்டேஜ்லயும் பலருக்கு உதவுது. மாதவிடாய் நின்னவங்களுக்கு எரிச்சல் வறட்சி இருந்தா ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதித் தருவாங்க. ஒருவேளை ஆபரேஷனே தேவைப்பட்டாலும் கர்ப்பப்பையை எடுத்தே ஆகணும்னு இல்ல, அதை வெச்சே தூக்கிக் கட்டுற முறைகள் இருக்கு, அதுல ஒண்ணு இதே மும்பைல டாக்டர் ஷிரோத்கர் உருவாக்கினது.

யூரின் போகவே முடியல, மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் படுது, வெளிய வந்த சதை புண்ணாகி நீர் வடியுது, ஜுரத்தோட இடுப்பு வலி, இப்படின்னா எக்சர்சைஸை விட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரி. மத்தபடி ஒரு நாலு மாசம் விடாம பண்ணிட்டு அதே டாக்டர்கிட்ட மறுபடி காட்டுங்க, அப்பவும் குறையலைன்னா பெஸரி போட்டுப் பார்க்கலாமான்னு நீங்களே வாய் திறந்து கேளுங்க, பல இடத்துல நாம கேட்டாதான் சொல்றாங்க.